காசியில் ஐந்து இரவுகள்: அவசரமில்லாத சொகுசு விடுமுறைக்கு முழு வழிகாட்டி

காசிக்கு யாத்திரையாகப் போகிறவர்களுக்குத் திட்டம் தெளிவாக இருக்கும்: ஸ்நானம், தரிசனம், திரும்புதல். நல்ல ஹோட்டலில் நிதானமாக ஐந்து இரவு இருக்கலாம் என்று போகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். விலை உயர்ந்த அறையை எடுத்துவிட்டு விடியற்காலை நான்கு மணி முதல் இரவு பத்து மணிவரை சந்து சந்தாக அலைகிறார்கள். தூங்க மட்டும் அறைக்கு வருகிறார்கள்.

இந்த ஊர் விழித்துக்கொள்வது விடியலில், மறுபடி உயிர் பெறுவது அந்தியில். இந்த இரண்டு நேரத்துக்கு மட்டும் வெளியே போய், நடுப்பகலை ஹோட்டலுக்குக் கொடுப்பதுதான் இந்தத் திட்டத்தின் அடிப்படை. முடிவுகளை எடுக்க வேண்டிய வரிசை: மாதம், ஹோட்டல், அறை, அதன் பிறகே விமானம். பலர் மலிவான விமானச் சீட்டைப் பார்த்து அதில் தொடங்கிவிடுகிறார்கள். அதன்பின் கிடைக்கும் அறைதான் அறை என்றாகிவிடுகிறது.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

கரையோரத் தங்கலுக்கு நவம்பர் மாதமும், பிப்ரவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரையும் நல்லவை. இரண்டில் பிப்ரவரிக்கே என் ஓட்டு. பனிமூட்டம் விலகியிருக்கும், வெயில் ஏறியிருக்காது, படிக்கட்டுகளும் சுத்தமாக இருக்கும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை கங்கை ஏறும். கீழ்ப்படிகள் மூழ்கிவிடும், படித்துறைகளுக்கு இடையே கரையோரமாக நடக்க வழி இருக்காது. வெள்ளம் மிகும் நாட்களில் படகுகளை நிறுத்திவிடுவார்கள், மாலையில் கங்கைக்கு எடுக்கும் ஆரத்தியும் மேல் தளங்களுக்கு இடம் மாறும். நதியைப் பார்க்கப் பணம் கொடுத்துவிட்டு நதியில் இறங்க முடியாத காலம் இது.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீர் வடிந்ததும் படிகளில் வண்டல் சேறு தேங்கியிருக்கும். அதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி முடிக்கச் சில வாரம் ஆகும்.

டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி கடைசிவரை மூடுபனி. சூரிய உதயம் பார்க்கப் படகில் போனால் வெண்மையைத் தவிர வேறொன்றும் தெரியாத நாட்கள் இருக்கும், விமானங்களும் தாமதமாகும். ஏப்ரல் முதல் ஜூன் வரை 40 டிகிரியைத் தாண்டும் வெயில். அப்போது போகிறவர்கள் தோட்ட ஹோட்டலை மட்டும் எடுப்பது நல்லது.

கூட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வட இந்தியப் பஞ்சாங்கத்தின் கார்த்திகைப் பௌர்ணமியன்று (பெரும்பாலும் நவம்பரில்) வரும் தேவ் தீபாவளி, மகா சிவராத்திரி இரண்டும் கண்கொள்ளாக் காட்சிகள். ஆனால் அந்த வாரங்களில் நிதானம் கிடைக்காது. பிரயாக்ராஜில் மாக மேளா நடக்கும்போது அங்கே நீராடியவர்களில் பலர் காசிக்கும் வருவார்கள் என்பதால், பிப்ரவரியில் தேதி குறிக்கும் முன் பஞ்சாங்கத்தையும் புரட்டுங்கள்.

2. கரையா, தோட்டமா?

காசியில் உயர்தரத் தங்குமிடம் இரண்டு வகை. ஒன்று படித்துறைக்கு மேலேயே நிற்கும் பழைய மாளிகைகள்: தர்பங்கா காட்டில் ('காட்' என்றால் படித்துறை) பிரிஜ்ராமா பேலஸ், சிவாலா காட்டில் சூர்யோதய் ஹவேலி. மற்றது கன்டோன்மென்ட் பக்கம் உள்ள விரிந்த வளாகங்கள்: தாஜ் நதேசர் பேலஸ், அதை ஒட்டிய தாஜ் கேஞ்சஸ்.

கரையில் தங்கினால் ஜன்னலுக்கு வெளியே கங்கை இருக்கும். தர்பங்கா காட்டிலிருந்து தசாஸ்வமேத காட் ஐந்து நிமிட நடை. கூடவே வருபவை: வாசல்வரை கார் வராது, படிகள் உண்டு, மணியோசையும் ஒலிபெருக்கியும் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். பிரிஜ்ராமாவில் சைவ உணவு மட்டும்தான், மது கிடையாது.

நதேசரில் மாந்தோப்பும் மல்லிகை, சாமந்தித் தோட்டங்களும் உண்டு. வளாகத்துக்குள் குதிரை வண்டியில் சுற்றி வரலாம். அமைதிக்குக் குறையே இருக்காது. ஆனால் நதி இங்கிருந்து சுமார் 5 கி.மீ. மாலை நெரிசலில் அந்தத் தூரத்துக்கே ஒரு மணி நேரம் ஆகிவிடக்கூடும். கார் கோதௌலியா சந்திப்பு வரைதான் போகும், மீதியைக் கூட்டத்தில் நடந்துதான் கடக்க வேண்டும். இங்கே தங்கிக்கொண்டு தினம் இரண்டு முறை நதிக்குப் போய்வரலாம் என்று போடும் கணக்கு இரண்டாம் நாளே பொய்த்துவிடும்.

அதனால் பிரித்துத் தங்குங்கள்: முதல் மூன்று இரவு கரையில், கடைசி இரண்டு இரவு தோட்டத்தில். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. கரையோரம் உற்சாகமானது, அதே அளவுக்குக் களைப்பூட்டுவதும்கூட. களைப்பைத் தோட்டத்தில் இறக்கிவைத்துவிட்டு ஊர் திரும்பலாம். கன்டோன்மென்ட் விமான நிலையத்துப் பக்கம் இருப்பதால், கிளம்பும் நாளில் நகர நெரிசலையும் தாண்ட வேண்டியதில்லை. உங்கள் விமானம் இரவில் வந்து இறங்கினால் மட்டும் வரிசையை மாற்றுங்கள். இருட்டில் பெட்டிகளோடு படித்துறை தேடுவது நல்ல தொடக்கமல்ல.

முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் உடன் வந்தால், கரை ஹோட்டலில் இரண்டு விஷயங்களைத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யுங்கள். படகிலிருந்து வரவேற்பு வரை எத்தனை படி? லிஃப்ட் எந்தத் தளத்திலிருந்து தொடங்குகிறது? இணையதளப் படங்களில் இந்த இரண்டும் தெரியாது.

3. அறை கேட்கும் முறை

"நதி தெரியும் அறை" என்ற சொல்லை மட்டும் நம்பிப் பதிவு செய்வதுதான் இந்தப் பயணத்தில் நடக்கும் மிகச் செலவான தவறு. பழைய மாளிகைகளில் ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு மாதிரி. பக்கவாட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தால் ஒரு கீற்று தண்ணீர் தெரியும் அறையும் அதே பெயரில் விற்கப்படும்.

பதிவுக்கு முன் மின்னஞ்சலில் இவற்றைக் கேளுங்கள். படுக்கையிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ நதி தெரியுமா? ஜன்னல் திறக்குமா? அந்த அறைக்கே உரிய பால்கனியா, பொதுத் தாழ்வாரமா? எந்தத் தளம்? குளியலறையின் படத்தை அனுப்ப முடியுமா? பதில் எழுத்தில் இருந்தால், போய்ச் சேர்ந்த பிறகு அறையை மாற்றித் தரச் சொல்ல உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

படித்துறைகள் மேற்குக் கரையில் கிழக்கு நோக்கி இருக்கின்றன. நதி பார்த்த அறையில் காலைச் சூரியன் நேராக உள்ளே விழும். தூக்கம் கலையக் கூடாதென்றால் கனமான திரை இருக்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள். பிற்பகலில் கட்டடத்தின் நிழல் படிகளின் மேல் விழுவதால், மூன்று மணிக்கு மேல் பால்கனியில் சுகமாக உட்காரலாம்.

பால்கனிக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். குரங்குகள் உள்ளே வரும். மூக்குக்கண்ணாடி, மாத்திரைப் பை, பழம் என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போகும்.

மணிகர்ணிகா, ஹரிச்சந்திரா இரண்டும் எரியூட்டும் படித்துறைகள். சிதைகளும் புகையும் மனதைத் தொந்தரவு செய்யும் என்றால் அவற்றை ஒட்டிய இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். குழந்தைகளோடு வருகிறவர்கள் இதைப் பதிவுக்கு முன்பே யோசிப்பது நல்லது.

4. பதிவும் பணமும்

இந்த ஹோட்டல்களில் அறைகள் குறைவு என்பதால் முதலில் அறையைப் பிடியுங்கள். ரத்து செய்யும் வசதி உள்ள கட்டணமே எடுங்கள், பிறகு விமானத்தைப் பதிவு செய்யுங்கள். பனிக்காலத்தில் விமானமே தடுமாறும்போது, ரத்து செய்ய முடியாத மலிவு அறை கடைசியில் மலிவாக இருக்காது.

ஓரிரவுக் கட்டணம் 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். ஒப்பிடும்போது வரியோடு ஒப்பிடுங்கள். காலை உணவு, படகில் அழைத்துவருதல், மாலைப் படகுச் சவாரி, மாடியில் நடக்கும் இசை இவையெல்லாம் கட்டணத்துக்குள்ளா, வெளியேயா என்றும் கேளுங்கள்.

ரயிலில் வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காசிக்குப் பல நிலையங்கள். வாராணசி சந்திப்பை ஊரில் 'கேன்ட்' என்பார்கள். 'பனாரஸ்' என்பது பழைய மண்டுவாடீ. பண்டிட் தீன்தயாள் உபாத்யாயா சந்திப்பு என்பது பழைய முகல்சராய், அது கங்கைக்கு அக்கரையில், ஊருக்கு வெளியே இருக்கிறது. ஹோட்டலுக்குச் சொல்லும்போது நிலையத்தின் பெயரைச் சீட்டில் பார்த்துச் சொல்லுங்கள். "காசி ஸ்டேஷன்" என்று சொன்னால், ராஜ்காட் பாலத்தருகே அதே பெயரில் உள்ள இன்னொரு நிலையத்தில் கார் காத்திருக்கும்.

5. பெட்டியும் வந்து சேரும் நாளும்

ஆளுக்கு நடுத்தர அளவில் ஒரே பெட்டி. கரை ஹோட்டலுக்கு அது படகிலும் ஆள் தலையிலும்தான் வரும். சக்கரம் கல்படியில் உதவாது.

கழற்ற எளிதான, அடிப்பாகம் வழுக்காத செருப்பு வேண்டும். கோயில்களில் அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கும், நீரோரப் படிகளிலோ பாசி பிடித்திருக்கும். தேய்ந்த ரப்பர் செருப்பு அங்கே ஆபத்து. ஜனவரியில் விடியல் படகுக்குக் கம்பளிக் குல்லாயும் சால்வையும் கட்டாயம், நதிக்காற்று காதைப் பிடிக்கும். சில்லறை நோட்டுகள், சிறு டார்ச், தூசிக்கு முகக்கவசம் இவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாபத்பூரில் உள்ள லால் பகதூர் சாஸ்திரி விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 25 கி.மீ. பிற்பகல் இரண்டு மணிக்கு முன் தரையிறங்கும் விமானமாகப் பாருங்கள். அப்படியானால் வெளிச்சம் இருக்கும்போதே படகேறிவிடலாம். டிசம்பரில் அங்கே மாலை ஐந்தேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். சென்னைக் கணக்கில் யோசித்தால் அரை மணி நேரம் ஏமாறுவீர்கள்.

ஹோட்டல் படகு எந்தப் படித்துறையிலிருந்து புறப்படும் என்பது நீர்மட்டத்தைப் பொறுத்து மாறலாம். முந்தைய நாள் மாலை தொலைபேசியில் கேட்டு, ஓட்டுநரின் எண்ணையும் வாங்கிவிடுங்கள். வழியில் "அந்த ரோடு மூடியிருக்கிறது, வேறு நல்ல ஹோட்டல் காட்டுகிறேன்" என்று வெளி டாக்ஸிக்காரர் யாராவது சொன்னால் ஹோட்டலுக்கே அழைத்துப் பேசுங்கள்.

முதல் நாள் எதுவும் பார்க்கப் போக வேண்டாம். குளித்து, பால்கனியில் உட்கார்ந்து, ஆரத்தியின் ஓசையை மேலிருந்து கேட்டுவிட்டுத் தூங்குங்கள். மறுநாள் ஐந்து மணிக்கு எழ வேண்டும்.

6. ஒரு நாளின் கட்டமைப்பு

விடியலுக்கு அரை மணி முன் வெளியே. எட்டரை, ஒன்பது மணிக்குத் திரும்பி நிதானமாகக் காலை உணவு. பதினொன்று முதல் நான்கு வரை ஹோட்டல்: எண்ணெய் மசாஜ், புத்தகம், தூக்கம். நான்கரைக்கு மறுபடி கரையோர நடை, ஏழரைக்குத் திரும்புதல்.

ஒரு நாளுக்கு ஒரே ஒரு பெரிய வேலை. படகு ஒரு நாள், விசுவநாதர் ஒரு நாள், பட்டு ஒரு நாள். நடுப்பகல் காலியாகக் கிடக்கிறதே என்று இன்னொன்றைச் செருகினால் திட்டம் அங்கேயே உடைகிறது. அந்த நேரத்தில் சந்துகள் வண்டிகளாலும் ஆட்களாலும் அடைத்துக்கொண்டிருக்கும், பார்க்க நினைத்ததில் பாதியைப் பார்க்குமுன்பே நெரிசலில் நேரம் போய்விடும்.

7. விடியல் படகு

கையால் துடுப்பு போடும் படகையே கேளுங்கள். "சப்பு வாலி நாவ்" என்றால் படகோட்டிக்குப் புரியும். மோட்டார் படகில் நாற்பது நிமிடத்தில் எல்லாப் படித்துறையும் முடிந்துவிடும், ஆனால் மணி, சங்கு, துணி துவைக்கும் சத்தம் எதுவும் காதில் விழாது.

கங்கை இங்கே தெற்கிலிருந்து வடக்காக ஓடுகிறது. அதனால் தெற்கே ஏறி வடக்கே இறங்குங்கள். அசி காட்டில் ஏறினால் நீரோட்டமே படகை மெல்ல இழுத்துச் செல்லும். கேதார், தசாஸ்வமேத, மணிகர்ணிகா தாண்டி, பஞ்சகங்கா காட்டில் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கலாம். எதிர்த்திசையில் போனால் படகோட்டி மூச்சுமுட்டத் தள்ளுவார், நேரமும் இரட்டிப்பாகும்.

தர்பங்கா காட்டில் தங்கியிருந்தால் அசிவரை சாலை வழியே போக வேண்டியதில்லை. படகை உங்கள் படித்துறைக்கே வரச் சொல்லுங்கள். கரையை ஒட்டி நீரோட்டம் குறைவு, அதனால் இருட்டிலேயே கரையோரமாகத் தெற்கே கேதார் காட் வரை போகலாம். உதயத்தில் நடு ஆற்றுக்குத் திரும்பி வடக்கே மிதந்து வாருங்கள். எதிர்க்கரை மணல்மேட்டுக்கு மேல் சூரியன் எழும்பும்போது வெளிச்சம் நேராகப் படித்துறை முகப்புகளில் விழும். அந்த முதல் அரை மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு சீக்கிரம் எழுகிறோம்.

உதய நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். ஜனவரியில் ஆறேமுக்கால், நவம்பர் நடுவில் ஆறு இருபது வாக்கில். அதற்கு அரை மணி முன் படகில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பேரத்தில் மூன்றை முன்கூட்டியே தெளிவாக்குங்கள்: விலை படகுக்கா, தலைக்கா, எத்தனை மணி நேரம், எங்கே ஏறி எங்கே இறங்குவது. மூன்றாவதைச் சொல்லாமல் விட்டால் ஏறிய இடத்துக்கே திரும்பிவிடுவார்கள். நடுவழியில் பூஜைப் பொருள் விற்கும் படகு ஒட்டி வரும். வேண்டாமென்றால் கைகூப்பினால் போதும், பேச்சுக் கொடுத்தால் நீளும்.

எரியூட்டும் படித்துறைகளுக்கு அருகே கேமராவை மடியில் கவிழ்த்து வையுங்கள். அங்கே ஒரு குடும்பம் தன் மனிதரை வழியனுப்பிக்கொண்டிருக்கிறது. கரையில் "விறகுக்கு நன்கொடை" என்று கேட்டு விடாப்பிடியாக வருபவர்களோடு விவாதம் வேண்டாம், நடையை நிறுத்தாமல் போய்விடுங்கள்.

ஒருநாள் படகை விட்டு, அசி காட்டில் 'சுபஹ்-ஏ-பனாரஸ்' நிகழ்ச்சிக்குப் போங்கள். விடியல் ஆரத்தியும் சாஸ்திரிய சங்கீதமும் சேர்ந்து நடக்கும். தசாஸ்வமேத மாலை ஆரத்தியைவிட இதில் கூட்டம் மிகக் குறைவு, மனதுக்கும் நெருக்கம்.

8. விசுவநாதர் தரிசனம்

கைப்பேசி, பை, ஸ்மார்ட் வாட்ச், பேனா எதுவும் வேண்டாம். எல்லாவற்றையும் ஹோட்டல் லாக்கரில் வைத்துவிட்டு, பணமும் அடையாள அட்டையும் மட்டும் எடுத்துப் போங்கள். வெளியே 'இலவச லாக்கர்' என்று அழைக்கும் கடைகள் பலவற்றில் பூஜைத்தட்டு வாங்கியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை பின்னால் வரும்.

கோயிலின் சொந்த இணையதளத்தில் 'சுகம் தரிசனம்' என்ற கட்டணத் தரிசனச் சீட்டை முன்பதிவு செய்யலாம். வாசலில் "நான் நேராக உள்ளே கூட்டிப்போகிறேன்" என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். திங்கள்கிழமை, பிரதோஷம் தவிர்த்து, காலை ஆறரைக்குள் போனால் பதினொன்றேகாலை ஒட்டிய போக ஆரத்திக்கு (நைவேத்திய ஆரத்தி) வெகுமுன்பே வெளியே வந்துவிடலாம்.

மறுநாள் கேதார் காட்டில், வெள்ளையும் சிவப்புமாய்ப் பட்டை போட்ட கேதாரேஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். குமரகுருபரர் வழிவந்த காசி மடத்தின் பராமரிப்பில் உள்ள கோயில் அது. இங்கே நின்று கும்பிட நேரம் கிடைக்கும். பக்கத்து ஹனுமான் காட், பாரதி இளமையில் தங்கிப் படித்த பகுதி. அங்கே தமிழில் வழி கேட்டாலும் பதில் வரும்.

9. மாலை ஆரத்தி

தசாஸ்வமேதில் குளிர்காலத்தில் ஆறு மணியை ஒட்டித் தொடங்கி சுமார் முக்கால் மணி நேரம். படியில் நல்ல இடம் வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் முன்பே உட்கார வேண்டும். படகிலிருந்து பார்க்கலாம் என்றால், முன்வரிசைப் படகுக்குத்தான் தெரியும். பின்வரிசைப் படகுகளில் இருப்பவர்களுக்கு மற்ற படகுகளின் கூரைதான் தெரியும், முடியும்வரை வெளியேறவும் முடியாது.

அதனால் ஐந்து மணிக்கே படகில் அமர்ந்து, ஆரத்தி முடியுமுன் நகர வேண்டாம் என்று முடிவு செய்துவிடுங்கள். அல்லது ஹோட்டல் மொட்டைமாடியிலிருந்து எவ்வளவு தெரிகிறதோ அதுவே போதும் என்று இருங்கள். ஐந்து மாலையும் அங்கேயே செலவிட வேண்டியதில்லை.

10. வெளியே சாப்பிடுவது

முதல் நாளே தெருவில் இறங்காதீர்கள். ஒரு நாள் ஹோட்டல் சாப்பாடு, பிறகு காலையில் மட்டும் வெளியே. காலையில் எண்ணெய் புதிது, கச்சோரி வாணலியிலிருந்து நேராக இலைத்தொன்னைக்கு வரும். பஞ்சகங்கா காட்டில் படகிலிருந்து இறங்கினால் சௌகம்பா சந்து வழியாக டட்டேரி பஜார் பக்கம் நடந்து கச்சோரியும் ஜிலேபியும் சாப்பிடலாம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிடைக்கும் 'மலைய்யோ'வை விட்டுவிடாதீர்கள். காய்ச்சிய பாலை இரவெல்லாம் பனியில் வைத்துக் கடைந்து எடுத்த, குங்குமப்பூ வாசனை நுரை அது. வெயில் ஏறினால் உருகிவிடும் என்பதால் ஒன்பது மணிக்குள் போக வேண்டும்.

தக்காளி சாட் சூடாகத் தட்டில் விழுவதால் பயமில்லை. பச்சைச் சட்னியும் ஐஸும்தான் வயிற்றைக் கெடுப்பவை.

11. பட்டு வாங்குவது

கரை வாசம் முடிந்த பிறகு, நான்காம் நாள் வாங்குங்கள். முதல் நாள் வாங்கினால் விலை பிடிபடாது. ஓட்டுநரோ வழிகாட்டியோ கூட்டிப்போகும் கடையில் அவர்களின் பங்கும் விலையில் சேர்ந்திருக்கும். தனியாகப் போங்கள்.

சேலையைத் திருப்பிப் பாருங்கள். 'கட்வா' முறையில் ஒவ்வொரு பூவும் தனித்தனியாக நெய்யப்படுவதால் பின்புறத்தில் வெட்டிய நூல் நுனிகள் இருக்காது. வேலை அதிகம், விலையும் அதிகம். பூக்களுக்கு இடையே ஓடிய நூலை வெட்டிவிட்டது 'கட்வர்க்'. அதை கட்வா விலைக்கு வாங்கிவிடாதீர்கள். சில்க் மார்க் சீட்டு பட்டு என்பதற்கு மட்டுமே சான்று, கைத்தறி என்பதற்கு அல்ல. கைத்தறிக்குத் தனி முத்திரை உண்டு, அதையும் கேளுங்கள். பில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

12. தோட்டத்து நாட்களும் சாரநாத்தும்

ஹோட்டல் மாறும் நாளில் பதினொரு மணிக்குக் கரையிலிருந்து கிளம்புங்கள். புது ஹோட்டலில் மதியம் அறை தயாராகாவிட்டாலும் தோட்டத்தில் சாப்பிட்டுக் காத்திருக்கலாம்.

சாரநாத் சுமார் 10 கி.மீ. கன்டோன்மென்ட்டிலிருந்து போவது எளிது என்பதால்தான் இதை இங்கே வைத்திருக்கிறேன். சிங்கத்தூண் முகப்பு இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. காலையில் போய் முதலில் அருங்காட்சியகம், பிறகு தாமேக் ஸ்தூபி, புல்வெளியில் கொஞ்ச நேரம், மதியச் சாப்பாட்டுக்கு ஹோட்டல். மற்ற நேரம் முழுக்க மாந்தோப்புக்கு.

13. கிளம்பும் நாள்

பனிக்காலத்தில் காலை விமானத்தை எடுக்காதீர்கள். மூடுபனி பெரும்பாலும் பதினொரு மணிக்கு மேல்தான் விலகும், காலை விமானத்தின் தாமதம் இணைப்பு விமானத்தையும் தவறவிடச் செய்யும். மதியம் ஒரு மணிக்கு மேல் புறப்படும் நேரடி விமானமே சிறந்தது.

கங்கைச் சொம்பு வாங்கியிருந்தால் வாய் நன்றாக அடைத்திருக்கிறதா என்று முந்தைய இரவு தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பையில் சுற்றி, கைப்பையில் அல்லாமல் சரக்குப் பெட்டியில், பட்டுச்சேலை இல்லாத பக்கமாக வையுங்கள்.